சாப்பாட்டாள்

கோகிலவாணியின் வேலை, பெயர் தெரியாத ஒருவருக்காகச் சாப்பிடுவது. தினமும் மூன்று வேளை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையும் எல்லோருக்கும் பசிக்கிறது.

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் மேம்பாலம் இறங்குகிற இடத்தில் ‘சமநிறை’ என்ற மையம் இருந்தது. அவளைப் போல நாற்பது பேர் அங்கே வேலை பார்த்தார்கள். மையம் அவர்களை ‘இணை உணவாளர்’ என்று அழைத்தது. அவர்கள் தங்களைச் சாப்பாட்டாள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒவ்வொருவருடைய இரைப்பையின் உட்சுவரிலும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பட்டன் இருந்தது. வாய் வழியாக மெல்லிய குழாயை இறக்கி அதை ஒட்டிவிடுவார்கள். கத்தி வைப்பதில்லை, வயிற்றில் தழும்பு விழுவதில்லை, மத்தியானமே வீட்டுக்குப் போய்விடலாம். இதற்கு ஜோடியான இன்னொரு பட்டன் ஊரில் எங்கேயோ ஒரு பருத்த மனிதரின் இரைப்பையில் இருந்தது. இங்கே வயிறு நிறைந்தால் அங்கே வயிறு நிறைந்துவிட்டதாக நரம்பு நம்பிக்கொள்ளும். அந்த மனிதர் இரண்டு இட்லியோடு கை கழுவிவிடுவார்.

யாருக்கு யார் ஜோடி என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் சிபாரிசு, சண்டை, கல்யாணப் பத்திரிகை என்று உறவு வளர்ந்துவிடும் என்று நிர்வாகம் பயந்தது.

வேலைக்குச் சில விதிகள் இருந்தன. மெதுவாகச் சாப்பிட வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடக் கூடாது. வீட்டுச் சண்டையை நினைத்துக்கொண்டு விழுங்கக் கூடாது, விழுங்கினால் அந்தப் பக்கம் புளித்த ஏப்பம் வரும். பாதியில் எழுந்திருக்கக் கூடாது. இதையெல்லாம் கற்றுக்கொள்ளப் பலருக்கும் ஒரு மாதம் பிடித்தது. கோகிலவாணிக்கு எதுவும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அவள் சோற்றைப் பிசைவதைப் பார்த்தாலே பக்கத்து மேஜைக்காரருக்குப் பசிக்கும். தேர்வின்போது அவளைப் பரிசோதித்த டாக்டர் முகுந்தன், இவ்வளவு தெளிவான நிறைவைத் தான் பார்த்ததே இல்லை என்று அவளிடமே சொன்னார். முப்பத்து நான்கு வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். லாரி ஓட்டப் போய் ராய்ப்பூரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட அவள் கணவன்கூட இப்படி எதையும் சொன்னதில்லை.

அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் ஜக்கரியா. நோன்பு மாதத்தில் அவர் பகலில் சாப்பிட மறுத்தபோது நிர்வாகம் யோசித்து, அவருடைய ஜோடியின் சாப்பாட்டு நேரத்தையே மாற்றியது. முகம் தெரியாத ஒரு பணக்காரர் மாதம் முழுவதும் விடியலுக்கு முன் எழுந்து சாப்பிட்டுவிட்டு மாலைவரை காத்திருந்தார். அந்தப் புண்ணியம் யார் கணக்கில் சேரும் என்று ஜக்கரியா பள்ளிவாசலில் கேட்டுப் பார்த்தார். தெளிவான பதில் வரவில்லை.

அவருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. “பகல் பதினோரு மணியானா எனக்கு வயித்தைக் கலக்குதும்மா. என் வூட்ல ஒரு பிரச்சனையும் இல்ல. என்னோட ஆளு யாருகிட்டயோ கையேந்தி என்னமோ வாங்குறான், மாட்டிக்குவோமோன்னு பயப்படுறான்.”

இதை அவர் ரோஸ்லினிடமும் சொன்னார். ரோஸ்லின் சாப்பாட்டாள்களைக் கவனித்துக்கொள்ளும் உணவு ஆலோசகர், இருபத்தாறு வயதுப் பெண். பட்டன் ஒருவழிதான், அங்கிருந்து இங்கே எதுவும் வராது, அது வெறும் வாயு என்று விளக்கி, அவருக்கு ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

கோகிலவாணிக்கும் தினமும் சாயங்காலம் நான்கு மணிவாக்கில் அடிவயிற்றில் இதமான ஒரு சூடு பரவும். சின்ன வயதில் பொருட்காட்சிக்குக் கிளம்பும்போது வருகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. அதுவும் வாயுதான் என்று அவள் வைத்துக்கொண்டாள். ஆனால் ஓமத் தண்ணீர் கேட்கவில்லை.

அவள் இந்த வேலைக்கு வந்தது அப்பாவுக்காக.

அப்பா வெள்ளிங்கிரி, காந்திபுரத்திலிருந்து ஓடும் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு வருடம் அவருக்குச் சோறு இறங்காமல் போனது. விழுங்கினால் நெஞ்சுக்குழியில் நிற்கும். தண்ணீர் குடித்தால் தண்ணீரும் அதன் தலைமேல் நிற்கும். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை திறக்க மறுக்கிறது என்றார்கள். வெள்ளிங்கிரி நோயைத் தன் தொழிலுக்குள் கொண்டுவந்து புரிந்துகொண்டார். ஒவ்வொரு கவளத்துக்கும் நெஞ்சைத் தட்டி, “படியில நிக்காதே, உள்ள போ, உள்ள எடம் இருக்குது” என்பார். சில சமயம் போகும். அப்போது, “போலாம் ரைட்” என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுப்பார். பெரும்பாலும் போகாது. எழுந்து வாசல் பக்கம் ஓடுவார்.

சமநிறை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தால் குடும்பத்தில் ஒருவருக்கு இலவச சிகிச்சை உண்டு. கோகிலவாணி சேர்ந்தாள். ஆனால் அப்பாவின் முறை வர ஆறேழு மாதம் ஆனது. அந்த மாதங்களில் அவள் தினமும் மூன்று வேளை ஒரு பணக்காரரின் சார்பில் ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, பசித்த வயிற்றோடு அப்பா உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குத் திரும்பினாள். வாசலில் நுழையும்போதே ஏப்பம் வந்துவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொள்வாள். வெள்ளிங்கிரி அவள் முகத்தைப் பார்த்ததும், “இன்னிக்கு என்ன போட்டாங்க கண்ணு?” என்று கேட்பார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவர் கண்ணை மூடிக் கேட்பார். அவர்களுக்கு இடையில் பட்டன் எதுவும் இல்லாததால் அவருக்கு எதுவும் நிறையவில்லை.

கடைசியில் அவருக்கும் வாய் வழியாகக் குழாயை இறக்கி, உள்ளிருந்தே அந்தத் தசையைக் கீறிவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் வலிக்கிறதா என்று கேட்டார்கள். “டோல்கேட்டைத் தூக்கிட்டீங்க போல” என்றார். சில நாளில் அரிசிம்பருப்பு சாதம் ஒரு தட்டு முழுவதும் சாப்பிட்டார். கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அவளால் கூடச் சாப்பிட முடியவில்லை, அன்றைய மூன்று வேளையையும் முடித்துவிட்டு வந்திருந்தாள்.

கோகிலவாணி யாருக்காகச் சாப்பிட்டாளோ அவர் பெயர் சென்னியப்பன். கணபதி பகுதியில் பம்பு செட் தயாரிக்கும் பட்டறையும் சின்ன வார்ப்பாலையும் வைத்திருந்தார். வயது ஐம்பத்தெட்டு. எடை நூற்று நாற்பதில் இருந்தபோது மையத்துக்கு முதல்முறை வந்தார். அவருடைய வயிற்றை உள்ளிருந்தே மடித்துத் தைத்தார்கள். முழு வயிறு ஒரு வாழைப்பழ அளவுக்கு ஒடுங்கியது. ஆனாலும் அவர் சாப்பிட்டார். தையல் விட்டது. மறுபடி தைத்தார்கள். மறுபடியும் விட்டது.

“வயித்தைத் தெச்சுட்டீங்க டாக்டர். பசிய யாருங்க தெக்கறது?” என்று சென்னியப்பன் கேட்டார்.

அப்போதுதான் டாக்டர் முகுந்தன் பட்டனைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர் சாப்பிடுவார், அந்த நிறைவு இவருக்கு வரும்.

“அக்கட்டயிருந்து இக்கட்ட வருது. செரி. இக்கட்டயிருந்து அக்கட்ட போகாதா?”

“போகாதுங்க. ஒருவழிதான்.”

“நான் முப்பது வருசமா வால்வு செஞ்சு விக்கறனுங்க. ஒருவழின்னு சொல்லித்தான் நானும் விக்கறேன்.”

டாக்டர் சிரித்தார். சென்னியப்பன் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் மெலிய விரும்பியது அழகுக்காக அல்ல. பட்டறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தன் கையால் ஒரு மோட்டாரைக் கழற்ற வேண்டும். எட்டு வருடமாக அது முடியவில்லை. நின்றபடி மற்றவர்கள் கழற்றுவதைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அது அவருக்கே பிடிக்கவில்லை.

மூன்றாம் முறை தைத்து, பட்டனும் வைத்தபின் எடை மெதுவாக இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. காலையில் இரண்டு இட்லி சாப்பிடும்போதே, எங்கேயோ யாரோ நெய் விட்டுப் பிசைந்து நிதானமாகச் சாப்பிடுவதன் அமைதி அவருக்குள் வந்து உட்காரும். அந்த ஆள் யாராக இருந்தாலும் நல்ல ஆள் என்று மனைவியிடம் சொன்னார்.

ஒரு புதன்கிழமை காலை வெள்ளிங்கிரி நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, பேப்பரை விரித்தபடி செத்துப்போனார். இருதயம் நின்றுவிட்டது. தட்டில் எதுவும் மிச்சமில்லை.

மையத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கோகிலவாணி தோசையைப் பாதி சாப்பிட்டிருந்தபோது போன் வந்தது. அவள் எழுந்தாள். பாதியில் எழுந்திருக்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் நினைவூட்டினார். ஜக்கரியா அவரை ஒரு பார்வை பார்த்தார். மேற்பார்வையாளர் வழியை விட்டார்.

எழவு வீட்டில் அடுப்பு எரியாது. பிணம் எடுத்தபிறகு சொந்தக்கார ஒறம்பரைகள் தூக்குப்போசியிலும் அண்டாவிலும் சோறு கொண்டுவந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். திருப்பூரிலிருந்து வந்த அவள் அண்ணன்கூட அழுதுகொண்டே இரண்டு முறை ரசம் கேட்டு வாங்கினான். கோகிலவாணி சுவரோரம் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அத்தை, அதாவது வெள்ளிங்கிரியின் தங்கை, ஒரு கவளம் உருட்டி அவள் வாயருகே கொண்டுபோனாள். “எனக்காக ஒரு வாய் சாமி” என்றாள். அவள் வாயைத் திறக்கவில்லை. அடுத்து சித்தி வந்து தனக்காக ஒரு வாய் என்றாள். அடுத்து பக்கத்து வீட்டுக்காரம்மா.

மறுநாள் ரோஸ்லின் ஸ்கூட்டரில் ஒரு டிபன் கேரியரோடு வந்தாள். ஆறுதல் சொன்னாள். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அவள் வந்தது அழுவதற்கல்ல.

“அக்கா, நீங்க சாப்பிடலேன்னா அந்தப் பக்கம் அவருக்குப் பசி திரும்பிரும். அவருக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை தையல் விட்டிருக்கு. இன்னொரு தடவை விட்டா காப்பாத்த முடியாதுன்னு டாக்டர் சொல்றார்.”

“அவரு பேரென்னங்க மேடம்?”

“சொல்லக் கூடாதுக்கா.”

“பேரு தெரிஞ்சா முழுங்கிருவேன்னு தோணுது.”

ரோஸ்லின் தரையைப் பார்த்தாள். கோகிலவாணி கேரியரைத் திறந்தாள். ஒரு பக்கம் அப்பா போய்விட்டார், இன்னொரு பக்கம் தன்னால் ஓர் ஆள் போகக் கூடாது. இந்தக் கணக்கு அவளுக்குத் தெளிவாகவே புரிந்தது. ஒரு கவளத்தை எடுத்து மென்று விழுங்கினாள். அது நெஞ்சுக்குழியில் நின்றது. தண்ணீர் குடித்தாள். தண்ணீர் அதன் தலைமேல் நின்றது. அவள் எழுந்து வாசல் பக்கம் ஓடினாள். கூடியிருந்தவர்களில் சிலர், அப்பன் நோய் மகளுக்கு வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ரோஸ்லின் மையத்துக்குத் திரும்பி, சென்னியப்பனின் வீட்டுக்குப் போன் செய்தாள். சமையலறையைப் பூட்டி வையுங்கள் என்று சொல்வதாக இருந்தாள். அவர் மனைவி, புதன்கிழமையிலிருந்து அவர் எதையும் தொடவில்லை என்றாள். தட்டை வைத்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். ரோஸ்லின் நம்பவில்லை. டாக்டர் முகுந்தனும் நம்பவில்லை. அவரை வரவழைத்துக் குழாயை இறக்கிப் பார்த்தார்கள். தையல் ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. வயிறு காலியாக, கழுவிவிட்ட பாத்திரம் போல இருந்தது. டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய தொழிலில் அவர் எல்லா விதமான வயிற்றையும் பார்த்திருக்கிறார், எதையும் கேட்காத வயிற்றைப் பார்த்ததில்லை.

குழாயை எடுத்ததும் சென்னியப்பன் கேட்ட முதல் கேள்வி, “யாருக்குங்க எழவு?”

விதிப்படி சொல்ல முடியாது என்றார் டாக்டர். செரி என்று அவர் எழுந்துபோனார். மறுநாள் ரோஸ்லின் கேரியரோடு கிளம்பியபோது, அவருடைய டிரைவர் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே காரை ஓட்டினான். ரோஸ்லின் கண்ணாடியில் அதைப் பார்த்தாள். இரண்டு இடத்தில் சிக்னலில் கார் மாட்டிக்கொண்டபோது, அவள் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.

எழவு வீட்டில் அவரை யாரும் யாரென்று கேட்கவில்லை. கேட்பது மரியாதையில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டார்கள். அவர் உட்காரப் போனபோது அதன் கால்கள் விரிந்தன. அண்ணன் ஓடிவந்து இரண்டு நாற்காலியை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் போட்டான். பஸ் முதலாளியின் சொந்தக்காரராக இருக்கும் என்று முடிவு செய்துகொண்டான்.

“யாருங்க தவறுனது?” என்று சென்னியப்பன் அத்தையிடம் கேட்டார்.

கேதம் கேட்க வந்துவிட்டு இப்படிக் கேட்கிறவரை அத்தை பார்த்ததில்லை. “எங்கண்ணனுங்க” என்றாள்.

“இங்க யாருங்க சாப்புடாம இருக்கறது?”

அத்தை சுவரோரம் கையைக் காட்டினாள். அவர் எழுந்து போய் கோகிலவாணியின் முன்னால் நின்றார். குனிய முடியாததால் நின்றபடியே பேசினார்.

“அம்மிணி, புதங்கெழம காலைல நீங்க பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சீங்களா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நானும் எந்திரிச்சேன்” என்றார்.

கோகிலவாணி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தாள். ஒன்றரை வருடமாகத் தான் நிறைத்துக்கொண்டிருந்த வயிறு. பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். சாதாரண முகம், மூன்று நாள் தாடி.

“எங்கூட்ல அல்லாரும் நல்லாத்தான் இருக்கறாங்க. சம்சாரம், மகன், மருமக. ஒவ்வொருத்தரா நெனச்சுப் பாத்தேன். பட்டறை ஆளுகளையும் கூப்புட்டு விசாரிச்சேன். யாருக்கும் ஒண்ணுமில்ல. ஆனா நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி. எங்கப்பன் செத்தப்ப இப்புடித்தான் இருந்துச்சு. பொறவுதான் புரிஞ்சுது, எழவு நம்மூட்ல இல்ல, பைப்புக்கு அக்கட்ட.”

“உங்களுக்குப் பசிக்கலீங்களா?”

“இல்லீங்க.”

“தையலு?”

“நல்லா இருக்குது. நேத்துதான் பாத்தாங்க.”

அவள் அப்போதுதான் அழுதாள். பிணம் எடுக்கும்போதுகூட அவள் அப்படி அழவில்லை என்று அத்தை பிறகு சொன்னாள். சென்னியப்பனுக்கும் கண்ணில் நீர் வந்தது. அதில் எவ்வளவு அவருடையது என்று அவருக்குத் தெரியவில்லை.

அழுகை ஓய்ந்தபின் கோகிலவாணி ஒன்றே ஒன்று கேட்டாள். “ஐயா, சாயங்காலம் நாலு மணிக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க?”

அவர் யோசித்தார். “அது உலை தெறக்கற நேரமுங்க. இரும்பு உருக்கி அச்சுல ஊத்துவாங்க. சும்மா நின்னு பாப்பேன். சின்ன வயசுலருந்து பாக்கறதுதான். ஏனுங்க?”

“ஒண்ணுமில்லீங்க. கேட்டேன்.”

எழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. அவர் சொல்லாமல் போனார்.

இது எதுவும் மையத்துக்குத் தெரியாமல் இருக்கவில்லை. ரோஸ்லினே டாக்டரிடம் சொல்லிவிட்டாள். வேலை போகும் என்று எதிர்பார்த்தாள். டாக்டர் முகுந்தன் கோபப்படவில்லை. அவர் எடை அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடத்தில் மெதுவாகச் சரிந்துவந்த கோடு, அந்த ஒரு வாரத்தில் மாடிப்படியிலிருந்து விழுந்தது போல இறங்கியிருந்தது. பசி இல்லை, போராட்டம் இல்லை, தையலுக்கு ஆபத்தில்லை. பட்டன் கசிகிறது என்பது குறை. ஆனால் எது கசிகிறது என்பதைப் பொறுத்து அதை வேறு பெயரிலும் அழைக்கலாம். அடுத்த வாரமே நிர்வாகக் கூட்டத்தில் இரண்டாவது மாடியில் ‘அமைதிப் பிரிவு’ ஒன்று தொடங்க முடிவானது.

ரோஸ்லின் மறுபடியும் கோகிலவாணியின் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். இந்த முறை கேரியர் இல்லை.

“புது வேலைக்கா. சாப்பிட வேண்டாம். கஞ்சித் தண்ணி, குளுக்கோஸ், அவ்வளவுதான். இப்ப இருக்கற மாதிரியே இருந்தாப் போதும். சம்பளம் ரெட்டிப்பு. அப்பா போட்டோவ உங்க மேஜைலயே வெச்சுக்கலாம்னு சொன்னாங்க.” அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “துக்கம் எத்தனை மாசம் இருக்கும்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

“தெரியலீங்க மேடம். எனக்கு இதுதான் மொதத் தடவை.”

“வீட்ல வயசானவங்க வேற யாராச்சும் இருக்காங்களான்னும்...”

“அத்தை இருக்கறாங்க.”

உள்ளே புளி கரைத்துக்கொண்டிருந்த அத்தை, “நான் இப்போதைக்குப் போறதா இல்லைன்னு சொல்லு” என்றாள்.

ரோஸ்லின் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த வேலையை அவள் அன்றே விட்டிருக்கலாம். மாதக் கடைசி என்பதால் விடவில்லை.

கோகிலவாணி முடியாது என்று சொல்லவில்லை. அவள் யோசித்தாள். ஒரு வாரமாக எல்லோரும் அவளைச் சாப்பிடு, சாப்பிடு என்கிறார்கள். முதல்முறையாக ஓர் இடத்தில் சாப்பிடாமல் இரு என்கிறார்கள். அந்தக் கல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அப்பாவின் போட்டோவைப் பார்த்துக்கொண்டு, யாரும் கவளம் நீட்டாத ஒரு மேஜையில் உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பக்கம் ஒரு நல்ல மனிதர் மெலிவார். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அன்றிலிருந்து அவள், தொண்டையில் இறங்குகிற ஒரே ஆகாரமான கஞ்சியையும் பாதியாகக் குறைத்தாள்.

கருமாதியன்று படையலில் வெள்ளிங்கிரிக்குப் பிடித்தவை எல்லாம் வைத்தார்கள். அரிசிம்பருப்பு சாதம், கச்சாயம், பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்து காகிதக் கப்பில் ஒரு டீ, இரண்டு வர்க்கி. அண்ணன் பக்கத்தில் ஒரு விசிலையும் வைத்தான். காக்காய் வந்து முதலில் வர்க்கியைத் தூக்கியது. வேண்டியவர் வந்துவிட்டார் என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள்.

பந்தி தரையில் போட்டிருந்தது. கோகிலவாணியை இலையின் முன் உட்காரவைத்தாள் அத்தை. அப்போது சென்னியப்பன் உள்ளே வந்தார். அண்ணன் அவசரமாக இரண்டு நாற்காலியை அடுக்கினான். அவர் வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, சுவரைப் பிடித்து மெதுவாக இறங்கி, கோகிலவாணிக்குப் பக்கத்து இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டை அவர்மேல் தொளதொளவென்று தொங்கியது.

“நேத்து பட்டறைல கீழ உக்காந்து மோட்டாரு கழட்டுனேன் அம்மிணி. நானே கழட்டி நானே மாட்டுனேன்.”

“ரொம்பச் சந்தோசமுங்கய்யா.”

“பொங்கலுக்குள்ள எண்பது கிலோவுக்கு வந்துருவேன்னு டாக்டரு சொல்றாரு.”

“வந்துருவீங்க. நான் பாத்துக்கறேன்.”

சென்னியப்பன் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார். வளையல் முழங்கைக்கு ஏறியிருந்தது.

“தண்ணியில்லாத கெணத்துல மோட்டாரு ஓடுமுங்க. டிரை ரன்னுன்னு சொல்லுவோம். சத்தம் சன்னமா இருக்கும், கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும். பாக்கறவனுக்கு, அடடா எத்தன நல்லா ஓடுதுன்னு தோணும். உள்ள புஷ்ஷு கருகிட்டிருக்கும்.”

“உங்களுக்கு நல்லதுதானுங்களே.”

“நல்லதுதான். பதினஞ்சு நாளா நல்லா இருக்கறேன். ஆனா நாலு மணிக்கு உலை தெறந்தா எனக்கு ஒண்ணுமே தோணறதில்லீங்க. இரும்பு ஊத்தறாங்க, நிக்கறேன், அவ்வளவுதான்.”

கோகிலவாணிக்கும் அது தெரியும். பதினைந்து நாளாக நான்கு மணிக்கு எதுவும் வரவில்லை. சாவு வீட்டில் அதைத் தேடக் கூடாது என்று அவள் தேடாமல் இருந்தாள்.

பரிமாறுகிற ஆள் இரண்டு இலையிலும் அரிசிம்பருப்பு சாதம் வைத்து நெய் விட்டுப் போனான்.

“எனக்காக ஒரு வாய் சாப்புடுங்க” என்றார் சென்னியப்பன்.

இத்தனை நாளில் ஒறம்பரைகள் எல்லோரும் அவளிடம் இதைச் சொல்லியிருந்தார்கள். அவள் சாப்பிட்டால் அவர்கள் யாருக்கும் எதுவும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இவர் ஒருவருக்குத்தான் அது சட்டையிலும் எடையிலும் தெரியும். இனி அவர் பழையபடி மெதுவாகத்தான் மெலிவார். இன்னொரு முறை தரையில் உட்கார முடியாமலும் போகலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

அவள் நெய்யைப் பரப்பிப் பிசைந்தாள். நிதானமாகப் பிசைந்தாள். ஒரு கவளம் எடுத்து மென்று விழுங்கினாள். அது நெஞ்சுக்குழிக்கு வந்து நின்றது. கண்ணில் நீர் முட்டியது. அத்தை பாதி எழுந்துவிட்டாள். கோகிலவாணி இடது கையால் நெஞ்சை இரண்டு முறை தட்டினாள்.

“படியில நிக்காதே. உள்ள போ” என்றாள் மெதுவாக.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அது இறங்கியது.

“போலாம் ரைட்” என்றாள்.

பக்கத்து இலையில் சாதம் இன்னும் தொடப்படாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சென்னியப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சின்னதாக ஓர் ஏப்பம் விட்டார். எதிர் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இலையில் கை வைப்பதற்கு முன்னாலேயே ஏப்பம் விடுகிற ஒறம்பரையை அவர்கள் பார்த்ததில்லை.

கோகிலவாணி அடுத்த கவளத்தை எடுத்தாள். பரிமாறுகிற ஆள் திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுங்களா என்று சென்னியப்பனைக் கேட்டான்.

அவர் பக்கத்து இலையைக் காட்டினார்.

“அங்க வைங்க.”